சந்தனப் பொட்டு வைத்த கடிதம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மொன்றியலில் மைனஸ் பதினெட்டு. என் வீடு இருக்கும் லாசாலில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும். கழற்றாவிட்டால் போனைப் பார்க்க முடியாது. நான் எதைச் செய்திருப்பேன் என்று வாராவாரம் என்னை வாசிக்கும் உங்களுக்குத் தெரியாதா என்ன?

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம்.

ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை சுகந்திதான் தொடக்கி வைத்திருந்தாள். 'ஆரணிக்கு ஸ்பெஷல் ஸ்கூல் கிடைச்சிருக்கு. வகுப்பில பத்துப் பிள்ளையள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிக் குடுப்பினமாம். பஸ் வீட்டு வாசலுக்கே வருமாம். எல்லாம் இலவசம். கடவுள் கண் திறந்திட்டார்.' கீழே பள்ளிக்கூடக் கடிதத்தின் படம்.

ஆரணி அவளுடைய ஒரே மகள். ஒன்பது வயது. அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

லண்டனில் இருந்து சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். டொரன்டோவில் இருந்து மச்சாள் 'எங்கட குடும்பத்தின்ர முதல் ஜீனியஸ்' என்று எழுதியிருந்தாள். இந்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் எல்லோரையும் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. நானும் என் பங்குக்கு விறைத்த விரலால் இரண்டு கைதட்டலும் ஒரு கேக்கும் அனுப்பினேன்.

ஒப்புக்கொள்கிறேன். வாசிக்காமல்தான் அனுப்பினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. லாசாலில் இருந்து நான் வேலை செய்யும் சென்ட் லோரன்டுக்குப் போக பஸ், மெட்ரோ, திரும்ப ஒரு பஸ். நேரத்துக்குக் குறைவில்லை. கடிதத்தின் படத்தை மறுபடி திறந்தேன். எழுத்தைப் பார்க்க அல்ல — கடிதத்தின் மூலையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் சந்தனப் பொட்டு! நடுவில் குங்குமமும். கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. அப்படியே திகதியும் கண்ணில் பட்டது. கடிதம் வந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆகியிருந்தது. மூன்று கிழமையாக இந்தச் சந்தோஷத்தைச் சுகந்தி வாய்க்குள் வைத்திருந்தாளா? சமையலில் உப்புக் கூடினாலே உடனே போன் எடுப்பவளாயிற்றே...

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் படத்தைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறதே. சும்மா ஒரு ஆசைக்கு அழுத்தினேன். ஆரணியின் புகழைப் பிரெஞ்சில் வாசிக்கலாம் என்று.

முதல் பந்தியில் பெயர், பிறந்த திகதி, முகவரி. இரண்டாவதில் சோதனை நடந்த விவரம். மூன்றாவது பந்தியில் எழுதியிருந்தது இதுதான்: இந்தப் பிள்ளையின் கற்கும் திறன் அவளது வயதுக்குரிய அளவை விடத் தெளிவாகக் குறைவாக உள்ளது. சாதாரண வகுப்பில் பாடங்களைப் பின்தொடர அவளால் முடியாது. எனவே அடுத்த கல்வியாண்டு முதல், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான விசேட பாடசாலைக்கு அவள் மாற்றப்படுகிறாள்.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு தரிப்புத் தள்ளிப் போய்த்தான் இறங்கினேன்.

இந்த ஆரணி போன கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மெட்ரோ வரைபடத்தை ஒரே நாளில் பாடமாக்கி, 'பெரியம்மா, நீங்கள் இங்க மாறக் கூடாது, மற்றதில மாறினால் கெதியாப் போகலாம்' என்று இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு வழி சொன்னவள். அவள் சொன்ன வழியில்தான் இன்றுவரை வேலைக்குப் போகிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கற்கும் திறன் குறைவு என்று ஒரு கடிதம். அதற்குச் சந்தனப் பொட்டு. அதற்கு என்னுடைய கைதட்டல் இரண்டு, கேக் ஒன்று.

எப்படியிருக்கும் எனக்கு?

நான் வேலை செய்வது ஒரு கார்டெரியில் — ஐந்து வயது வரையான பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். சுற்றிவரத் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்யும் தாய் தகப்பன்மார் காலையில் பிள்ளைகளைத் தந்துவிட்டு ஓடுவார்கள். முதல் இடைவேளை கிடைத்ததும் சுகந்திக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம் நாலு மணி.

மெதுவாகத்தான் தொடங்கினேன். அந்தக் கடிதத்தை ஒருக்கால் வடிவாக வாசித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். ஜெர்மனில் பேசிச் சமாளிப்பேன், அலுவலகக் கடிதமெல்லாம் யாருக்கு விளங்கும் என்றாள். ரீச்சர்தான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாராம். இது நீ நினைக்கிற மாதிரிப் பள்ளிக்கூடம் இல்லை என்றேன். மறுபக்கத்தில் குரல் மாறியது.

"அக்கா, உங்கட மகனுக்கு இப்பிடி ஒண்டு கிடைக்கேல்லை எண்டு உங்களுக்குக் கவலையோ?"

என் மகன் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம். இருந்தாலும் சுருக்கென்றுதான் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, இந்தக் கடிதம் வருமுன் எதிலாவது கையெழுத்து வைத்தாயா என்று கேட்டேன்.

கதை இதுதான். பெற்றோர் சந்திப்புக்கு ரீச்சர் கூப்பிட்டிருக்கிறார். ஆரணி வகுப்பில் வாயே திறப்பதில்லை, கேள்வி கேட்பதில்லை, அவளுக்கு விசேட உதவி தேவை, அதற்கு ஒரு சோதனை வைக்க வேண்டும் என்றிருக்கிறார். சிறிய வகுப்பு, தனிக் கவனிப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சுகந்தியின் காதில் விழுந்தது எல்லாம் ஒன்றேதான் — ரியூஷன்! அதுவும் அரசாங்கமே தரும் ரியூஷன்.

சிரிக்காதீர்கள். நம்மில் யார் வேறு மாதிரிச் செய்திருப்போம்? பிள்ளைக்கு மேலதிகமாக ஏதோ சொல்லித் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால், என்ன பாடம் என்று கேட்கும் முன்னரே பேனாவைத் தேடுகிறவர்கள் நாம். வகுப்பு முடிந்து ஒரு வகுப்பு, சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதிலே நாலு மணித்தியாலம் கூட வந்தால் வேண்டாம் என்பார்களா? எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டு, சுகந்தி மூன்று இடத்தில் வைத்திருக்கிறாள்.

நான் போனில் இருந்த மொழிபெயர்ப்பை ஒவ்வொரு வரியாக, தமிழில் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் இருந்து சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வருவது குதிரைக்கொம்பு என்பதையும், அங்கே படித்து முடிப்பவர்களில் பலருக்கு மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சான்றிதழ் கிடைப்பதில்லை என்பதையும், வரும் வழியில் இணையத்தில் தேடி வாசித்த அளவில், சொன்னேன்.

"கையெழுத்து வைச்ச அண்டு ரீச்சருக்கு ரோல்ஸ் செய்து கொண்டுபோய்க் குடுத்தனான், அக்கா" என்றாள்.

மாவில் சுருட்டிப் பொரித்த இருபத்தைந்து ரோல்ஸாம். எண்ணிக்கையைப் பிறகுதான் சொன்னாள்.

மூன்று கிழமை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை? கண்ணூறு பட்டுவிடுமாம். பிடித்த விரதம் முடிய, நல்ல நாள் பார்த்து அறிவித்திருக்கிறாள். இந்த முடிவை ஏற்காத பெற்றோர் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுக்கலாம் என்று கடிதத்தின் கடைசிப் பக்கம் சொல்கிறது. அந்த ஒரு மாதத்தில் மூன்று கிழமையைச் சாமிப் படத்துக்கு முன்னால் கழித்தாயிற்று. மிச்சம் ஒன்பது நாள்.

ஐரோப்பாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உண்டு. பிறந்த நாடு, நிறம், மொழி எதுவும் பார்க்காமல் பள்ளிக்கூடக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதைக் குறை சொன்னால் வாய் அழுகும். ஆனால் அந்தப் பெரிய கதவுக்குள் போனால் உள்ளே இன்னும் பல கதவுகள். எது பல்கலைக்கழகத்துக்கு, எது தொழிற்சாலைக்கு, எது ஒன்றுக்குமில்லை என்பது கதவில் எழுதியிருப்பதில்லை. நம்மைப் போல வந்தவர்களின் பிள்ளைகள் எந்தக் கதவடியில் அதிகம் நிற்கிறார்கள் என்று அங்கே இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? கியூபெக்கில் நம் பிள்ளைகள் எந்த மொழிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. நாம் புறுபுறுத்துக்கொண்டே பிரெஞ்சுப் பள்ளியில் கொண்டுபோய் விட்டோம். என் மகனும் முதலில் பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில்தான் இருந்தான். எப்போது அதிலிருந்து வெளியே எடுப்பீர்கள் என்று கேட்கலாம் என்பதே எனக்கு ஒன்றரை வருடம் தெரியாது.

அதுமட்டுமல்ல. இப்போது நானும் தாள் நிரப்புகிற பக்கத்தில் இருப்பவள். கார்டெரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அவதானிப்புத் தாள் உண்டு. பேசுகிறதா, சொன்னது விளங்குகிறதா, மற்றப் பிள்ளைகளோடு சேருகிறதா — பார்த்துப் பார்த்துக் கட்டத்தில் புள்ளடி போட வேண்டும். பள்ளிக்குப் போகும்போது அந்தத் தாளும் கூடவே போகும். அந்தக் கிழமைதான் பங்களாதேஷில் இருந்து வந்த ஒரு தாயிடம் அப்படியொரு தாளை நீட்டியிருந்தேன். அவருடைய மகளுக்கு நாலு வயது. மூன்று மாதமாக எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை. தாய் சிரித்துக்கொண்டே 'வி, வி' என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, ஒரு பெட்டி இனிப்பும் தந்துவிட்டுப் போனார். தொந்தரவு தராத நல்ல தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மர்லேனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மர்லேன் என்னோடு வேலை செய்பவள். ஹெயிட்டியில் பிறந்தவள். அவளுடைய மூத்த மகனையும் சின்ன வயதில் இதே ஊரில் ஒரு விசேட வகுப்புக்கு மாற்றப் பார்த்தார்களாம். எனக்கு அதுவரை தெரியாது. அந்த மகன் இப்போது எஞ்சினியர்; வசதியானவர்கள் இருக்கும் புவாண்ட்-கிளேரில் வீடு வாங்கியிருக்கிறான்.

மர்லேன் கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் தங்கையைச் சண்டை பிடிக்க வேண்டாம் என்று சொல். இதற்கு நான் உடன்படவில்லை என்று சொல்லட்டும். சொல்லிவிட்டுக் கதிரையில் அப்படியே இருக்கட்டும். எழும்பக் கூடாது. நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டு வெட்கத்தில் எழும்பிவிடுகிறோம். எழும்பினால் கூட்டம் முடிந்துவிடும்."

இரண்டு பட்டம் படித்தவர்கள்கூட இப்படி ஒரு புத்தி எனக்குச் சொன்னதில்லை.

சுகந்தி மறுப்புக் கடிதம் அனுப்பினாள். நான் பிரெஞ்சில் எழுத, போன் அதை ஜெர்மனாக்க, அவளுடைய வேலையிடத்து மேலாளர் அதைத் திருத்திக் கொடுக்க, ஒருவழியாகப் பதிவுத் தபாலில் போனது. அதுவும் லேசில் நடக்கவில்லை. அவளுடைய கணவருக்குப் பயம். ரீச்சரோடு மல்லுக்கட்டலாமா, நாங்கள் வந்த ஆட்கள்தானே என்றாராம். மனிதர் அந்த நாட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருடம். ஒரு நாள் வரி கட்டாமல் விட்டதில்லை. பிள்ளை அங்கேயே பிறந்தது. இன்னும் எத்தனை வருடம் இருந்தால் வந்த ஆள் இருந்த ஆள் ஆவார்?

பள்ளியில் இருந்து பதில் வந்தது. அடுத்த புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பேச வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்று.

இடையில் ஒரு சனிக்கிழமை. சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுகந்தி வீடியோவில் வந்தாள். பக்கத்தில் ஆரணி, காலை ஆட்டியபடி. இருபது கேள்விகளில் ஆறுக்கு மட்டும் விடை எழுதியிருக்கிறாள். மிச்சமெல்லாம் வெறும் கோடு என்று சுகந்தி அழாக்குறையாகக் காட்டினாள். எழுதிய ஆறில் எத்தனை சரி என்று கேட்டேன். பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

ஆறும் சரி.

இதை அந்த ரீச்சரும் கவனிக்கவில்லை. சோதனை எடுத்தவரும் கவனிக்கவில்லை. பெற்ற தாயும் கவனிக்கவில்லை. எல்லோரும் வெறும் கோட்டைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

மற்றதை ஏன் எழுதவில்லை, தெரியாதா என்று ஆரணியிடம் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்றாள். தெரிந்தால் எழுதியிருக்கலாமே என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தாயைப் பார்த்தாள்.

"வடிவாத் தெரியாட்டில் எழுதக் கூடாது, பெரியம்மா. பிழை எண்டால் அம்மா மார்க்ஸ் வெட்டுவா. வாயாலயும் சொல்லக் கூடாது."

சுகந்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். சரிக்கு ஒரு புள்ளி. பிழைக்கு இரண்டு புள்ளி வெட்டு. எழுதாமல் விட்டால் வெட்டு இல்லை. பிள்ளை கவனமாகப் படிக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறாள். பிள்ளையும் கவனமாகத்தான் படித்திருக்கிறது. அந்த வீட்டில் பிழையாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது லாபம் என்பதை, கற்கும் திறன் குறைந்த அந்தப் பிள்ளை சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சுகந்தியைத் திட்ட வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் இருந்தது. நான் போட்டதுதான்.

ஆக, புதன்கிழமை சுகந்தி இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ரீச்சரிடம் மாட்டேன் என்று சொல்வது. மற்றது, பிள்ளை மௌனமாக இருப்பதற்குத் தானும் காரணம் என்று அதே ரீச்சருக்கு முன்னால் ஒப்புக்கொள்வது. இதில் எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒத்திகை வைத்தோம். திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் பக்கத்து டெபனேர் கடையில் கோப்பியும் கையுமாக ஒரு மூலையில் நான் நிற்கிறேன். நான்தான் ரீச்சர். அவள் அவளேதான்.

"உங்கட மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் நல்லது" என்றேன், முடிந்தவரை மூக்கால்.

"ஓம் ரீச்சர்" என்றாள் சுகந்தி.

திரும்பத் தொடங்கினோம். இரண்டாவது முறை, "ஓம் ரீச்சர், ஆனால்..." வரை வந்தாள். மூன்றாவது முறை மறுத்தாள். உடனே மன்னிப்புக் கேட்டாள். நாலாவது முறை மறுத்துவிட்டு, ரீச்சர் சாப்பிட்டாச்சோ என்று விசாரித்தாள். கடைக்காரப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டாள். எட்டாவது முறையில்தான் என் தங்கை மாட்டேன் என்பதை மாட்டேன் மாதிரியே சொன்னாள். எழும்பாதே என்று மட்டும் மூன்று தரம் சொல்லிவிட்டு வைத்தேன்.

புதன்கிழமை. அங்கே இரண்டு மணி என்றால் இங்கே காலை எட்டு. கார்டெரியில் அதுதான் திருவிழா நேரம். இருபது சோடிச் சப்பாத்து, இருபது தொப்பி, ஒரு கையுறை எப்போதும் காணாமல் போயிருக்கும். போன் கையில் வைத்திருக்கக் கூடாது. பூட்டி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். ஒன்பது மணிக்குப் பாட்டு. ஒன்பதரைக்கு மா உருண்டை பிசைதல். நான் பிசைந்த உருண்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, இது என்ன மிருகம் என்று கேட்டது. பத்து மணி வரும் மட்டும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

பத்து மணி. போனை எடுத்தேன். சுகந்தியின் குரல் பதிவு ஒன்று, நாலு நிமிடம். முதல் ஒரு நிமிடம் பஸ் இரைச்சலும் மூக்கை உறிஞ்சுவதும்தான். அழுகையா, குளிரில் பிடித்த தடிமனா? போனைக் காதோடு அழுத்தினேன். மர்லேன் வந்து பக்கத்தில் நின்றாள்.

பிறகு குரல் வந்தது.

"அக்கா, நான் எழும்பேல்லை."

அந்த இடத்திலேயே பதிவை நிறுத்திவிட்டு மர்லேனைக் கட்டிப்பிடித்தேன். மிச்சத்தைக் கேட்க முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மேசையில் ரீச்சரும் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு பெண்ணும். அவர்கள் அறிக்கையை வாசித்திருக்கிறார்கள். சுகந்தி உடன்படவில்லை என்றாள். அவர்கள் திரும்ப விளங்கப்படுத்தினார்கள். அவள் திரும்ப உடன்படவில்லை என்றாள். மூன்றாவது முறைக்குப் பிறகு கணவர் பாதி எழும்பிவிட்டாராம். சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாளாம். அப்புறம்தான் தன் புள்ளி வெட்டும் சட்டத்தைச் சொன்னாள். சொல்லும்போது ஜெர்மன் இலக்கணமெல்லாம் எங்கேயோ போய்விட்டதாம், ஆனால் ரீச்சருக்கு விளங்கிவிட்டது.

அடுத்து அவள் செய்தது நாங்கள் ஒத்திகை பார்க்காதது. என் மூளையில் உதிக்காதது. அதே தாளை, வெறும் தாளாக, இப்போதே ஆரணிக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். தந்ததும் மகளிடம் தமிழில், எல்லோருக்கும் முன்னால்: "பிழை விடலாம், குஞ்சு. எவ்வளவு வேணுமெண்டாலும் விடு. அம்மா வெட்டமாட்டன்."

ஆரணி நம்பவில்லையாம். உண்மையாகவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தாளாம். இருபதுக்கும் எழுதினாள். ஏழு பிழை.

பதின்மூன்று சரி என்று ரீச்சர் எண்ணி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியதாம். அவரை நான் ஒன்பது நாளாக மனதுக்குள் வைத்துத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. வாய் திறக்காத ஒரு பிள்ளையைப் பார்த்தார்; தான் பார்த்ததை எழுதினார். ஏன் திறக்கவில்லை என்று கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்தின் கடிதம் வந்தது. பழைய முடிவு ரத்து. ஆரணி தன் வகுப்பிலேயே இருப்பாள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவர் வகுப்புக்கே வந்து வாசிப்புக்கு உதவுவார். "கடைசியில ரியூஷனும் கிடைச்சிட்டுது, அக்கா" என்றாள் சுகந்தி. இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது.

குடும்பக் குழுவில் இந்த முறை அவள் போட்டது கடிதத்தை அல்ல. ஆரணி எழுதிய தாளை. ஏழு இடத்தில் சிவப்புக் கோடு. சித்தப்பா கட்டைவிரல். மச்சாள் இதயம். எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதல் தடவையாகப் பிழைக்குக் கைதட்டியிருக்கிறோம். நானும் தட்டினேன், இந்த முறை வாசித்துவிட்டு.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கார்டெரியில் அலுமாரியைப் பூட்டப் போனபோது, அந்த பங்களாதேஷ் பிள்ளையின் தாள் மேலாகவே கிடந்தது. 'பேசுவதில்லை' என்ற கட்டத்தில் என் கையால் போட்ட புள்ளடி. கீழே தாயின் கையெழுத்து. அந்தச் சிரிப்பும் இனிப்புப் பெட்டியும் அப்போதுதான் எனக்கு ரோல்ஸாகத் தெரிந்தன. மூன்று மாதத்தில் நான் ஒரு தடவையாவது அந்தத் தாயிடம் ஒரு கேள்வி கேட்டேனா?

தாய் வந்தார். வழக்கம் போலச் சிரித்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவரைப் பிடித்து, பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் இருத்தி, எதிரே இன்னொரு சின்னக் கதிரையில் நானும் இருந்தேன். தாளைக் காட்டி, மெல்ல மெல்ல, இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சில், நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். இது பிழையாக இருக்கலாம், நீங்கள் உடன்படவில்லை என்று சொல்லலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றேன்.

முதலில் 'வி, வி' என்றார். நான் விடவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது சிரிப்பு நின்றது. தாளை என் கையில் இருந்து வாங்கி, அந்தப் புள்ளடி மேல் விரலை வைத்து, "நோன்" என்று மறுத்தார்.

எழும்பவில்லை.

வீட்டில் வாய் மூடுவதே இல்லையாம் அந்தப் பிள்ளை. பொம்மைகளை எல்லாம் வரிசையாக இருத்தி வைத்து, இடுப்பில் கை வைத்து, சுத்தமான பிரெஞ்சில் ரீச்சர் விளையாட்டாம். அச்சு அசலாக நான்தானாம். நான் அவளிடம் இருந்து கேட்கக் காத்திருந்த அத்தனையையும் அவள் அங்கே பேசித் தீர்த்திருக்கிறாள்.

அந்த விளையாட்டில் ரீச்சர் என்ன சொல்வார் என்று கேட்டேன். தாய் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் சொன்னார்.

"சத்தம் வேண்டாம், பிள்ளைகளே. வாயில் விரல்."